முதல் குடத்துத் தண்ணீர்

குழாய்க்கு நெருப்பு வைத்தேன்.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தி, பித்தளைக் குழாயின் வாயைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். வானம் மூடியிருந்ததால் சுடர் நீலமாகத் தெரிந்தது. குழாயில் ஒட்டியிருந்த ஈரம் சுர்ரென்று பொரிந்தது. குடங்களோடு நின்ற பெண்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"அகபாயி!" என்று வாயில் கை வைத்தாள் ஒரு மராத்திக்காரப் பெண்.

எதிர் வீட்டு வேலூர்க்காரம்மா மட்டும் நகரவில்லை. "காலங்காத்தால குழாய்க்குக் கொள்ளி வெக்கிறியே, நீயெல்லாம் வெளங்குவியா?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது, சனியன், போகமாட்டேன் என்கிறது.

இடம் புணேயில் தாபோடி. ராணுவ எஞ்சினியரிங் கல்லூரி மதிலைத் தாண்டி, ஃபேக்டரித் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு சந்து. காலம் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். நான் அந்த வட்டாரத்துச் சுகாதார போர்டில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். அதே சந்தில் நான்காவது வீடு எங்களுடையது. அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். வீட்டில் நானும் அம்மாவும்தான்.

குழாய் வாயை ஏன் சுட வேண்டும் என்றால், அதில் ஒட்டியிருக்கும் கிருமி சாக வேண்டும். பிறகு குழாயைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட வேண்டும். அதற்கப்புறம்தான் பாட்டிலில் பிடிக்க வேண்டும். பாட்டிலின் வாயில் விரல் படக் கூடாது. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நான் அந்தப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள்.

மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டது

இதைத் தாண்டி எழுத மூன்று வாரமாக எனக்குக் கை வரவில்லை.

போன வாரம் இந்தத் தொடரில், கோந்த்வாவில் பேக்கரி சோதனைக்குப் போய் மாவு மூட்டைக்குள் விழுந்த கதையை எழுதினேன். அதற்கு முந்தின வாரம் எலி பிடித்த கதை. வயிறு வலிக்கச் சிரித்ததாகக் கடிதங்கள் வந்தன. சந்தோஷம். ஆனால் உங்களைச் சிரிக்க வைத்து நான் தப்பித்துக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தால் எழுந்து போய் அடுப்பைத் துடைப்பேன். துடைத்த அடுப்பையே மறுபடி துடைப்பேன். ஒரு நாள் கொசு வலையை எடுத்துத் துவைத்தேன், டிசம்பர் குளிரில்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழாய்த் தண்ணீரால் என் தங்கை வசந்தா தன் முதல் பிள்ளையை இழந்தாள். அதில் என் பங்கு என்ன என்பதை அவளிடம் இத்தனை வருஷமாக நான் சொல்லவில்லை. பழியை வேறொருத்தர் தலையில் விட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

அந்த வேறொருத்தர் எங்கள் அம்மா. அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்கிற வேலை

'சுகாதார போர்டு என்றால் ஆஸ்பத்திரியா?' என்று நாக்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். இல்லையம்மா. மனிதன் படுத்த பிறகு பார்ப்பது ஆஸ்பத்திரி. அவன் படுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நாங்கள்.

சாக்கடை எங்கள் பாடு. குப்பைத் தொட்டி எங்கள் பாடு. ஆட்டுக்கறிக்கு முத்திரை குத்துவது, வெட்டி வைத்த பழத்தைக் கொட்டுவது, தேங்கிய தண்ணீரில் கொசு எண்ணெய் தெளிப்பது, பிறப்பு இறப்பு பதிவது எல்லாம் நாங்கள்தான். ஒரு நாயின் சடலம் ரோட்டில் கிடந்தால் அது எந்த வார்டு என்று அரை நாள் சண்டை போடுவதும் நாங்கள்தான்.

எங்கள் அறையில் எப்போதும் ஃபினாயில் வாசனை அடிக்கும். வீட்டுக்கு வந்து குளித்தாலும் தலைமுடியில் இருக்கும். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். ஜீப்பில் முன்சீட்டில் நான் உட்கார்ந்தால் டிரைவருக்கு வெட்கம். என்னை 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பிக்கவே அவர்களுக்கு ஒரு வருஷம் பிடித்தது.

தண்ணீர்ச் சோதனை என் பொறுப்பு. ஒவ்வொரு பகுதியிலும் வாரம் ஒரு குழாய். பாட்டில் ஆய்வுக்கூடத்துக்குப் போகும், சீட்டு திரும்பி வரும். வந்த சீட்டில் நான் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்துவேன். மராத்தியில் 'பிண்யாஸ் யோக்ய' என்று இருக்கும். குடிக்கத் தகுந்தது என்று அர்த்தம். அதன் கீழே என் கையெழுத்து.

குழாயடியிலேயே குளோரின் இருக்கிறதா என்றும் பார்ப்போம். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாகும். மஞ்சள் வந்தால் எனக்கு நிம்மதி. அந்த நாளில் நான் பார்க்க ஆசைப்பட்ட நிறம் அதுதான், சத்தியமாக.

அம்மாவின் தவலை

அம்மாவுக்குச் சங்கரன்கோவில் பக்கம். முப்பது வருஷம் புணேயில் இருந்தும் பேச்சு மாறவில்லை. சப்ஜி, ரிக்‌ஷா, மண்டி என்று கடைத்தெருச் சொல் மட்டும் இந்தியில் வரும். மற்றதெல்லாம் ஊர்ப் பேச்சுதான்.

எத்தனை வேலை இருந்தாலும் காலையில் ஒரு தவலைத் தண்ணீரைக் கொதிக்க வைப்பாள். சீரகம் ஒரு பிடி போடுவாள். ஆறினதும் அப்பாவின் பழைய வேஷ்டித் துணியில் வடிகட்டுவாள். நாங்கள் சின்ன வயதிலிருந்து குடித்தது அந்தத் தண்ணீர்தான். வீடே சீரக வாசனை அடிக்கும்.

எனக்கு வேலை நிரந்தரமான வருஷம் அது. தலைகால் புரியவில்லை. கேஸ் சிலிண்டர் வேறு கிடைக்காத காலம், பதிந்துவிட்டு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் தவலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தபோது, நான் போய் அடுப்பை அணைத்தேன்.

"ஏட்டி, என்னத்துக்கு அணைக்க?" என்றாள் அம்மா.

"இனிமே கொதிக்க வைக்காத. நம்ம குழாயில நானே டெஸ்ட் எடுத்து பாஸ் போட்டிருக்கேன். பிண்யாஸ் யோக்ய. அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"கொதிக்க வச்சா கொறஞ்சா போச்சு? பழகிப்போச்சுட்டி."

"இன்ஸ்பெக்டர் வீட்லயே தண்ணிய கொதிக்க வச்சுக் குடிக்காங்கன்னு தெரிஞ்சா என் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பேன்? சந்து பூராவும் சிரிக்கும். என் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கா இல்லையா?"

அம்மா என்னைப் பார்த்தாள், தவலையைப் பார்த்தாள். "சரி, ஒனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்து அலமாரியில் வைத்தாள். அவளுக்கு என் உத்தியோகத்தில் அவ்வளவு பெருமை. பஜாரில் யாரிடம் பேசினாலும் இரண்டாவது நிமிடத்தில் 'எம் மக இன்ஸ்பெக்டரு' என்பாள்.

இதுதான் என் பங்கு. ஒரு வரியில் எழுதிவிட்டேன், பாருங்கள். இதற்குத்தான் மூன்று வாரம்.

எங்கள் சந்தின் வழக்கம்

தண்ணீர் காலை ஐந்தரைக்கு வரும், ஒரு மணி நேரம் இருக்கும். ஒரு வழக்கம் எங்கள் சந்தில் எல்லாருக்கும் பொது. மராத்திக்காரர், தெலுங்கர், தமிழர் வித்தியாசமே இல்லை. முதல் குடம் குடிக்க. அடுத்தது சமைக்க. அப்புறம்தான் குளியலும் துணியும். தண்ணீர் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் குடிநீரை முதலில் பிடித்து உள்ளே வைத்துவிட்டால்தான் பெண்களுக்கு மூச்சு வரும். யார் கையும் படாத தண்ணீர் என்று ஒரு திருப்தியும் உண்டு.

ஐந்தரைக்கு நானும் குடத்தோடு அந்த வரிசையில் நிற்பேன். பிறகு குளித்து, சேலை மாற்றி, ஆறேகாலுக்கு ஜீப் வந்ததும் பாட்டில் பெட்டியை இறக்கி, சோதனை நாளில் அதே குழாய்க்கு நெருப்பு வைப்பேன். குடத்துக்கும் பாட்டிலுக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் தண்ணீர் ஓடியிருக்கும். அது என் மண்டையில் உறைக்கவே இல்லை. வீட்டில் ஒரு ஆள், ஜீப்பில் ஒரு ஆள் என்று இரண்டு பேராக இருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நானும் வசந்தாவும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அந்தக் குழாயில் ஒரு விளையாட்டு விளையாடுவோம். தண்ணீர் நின்றதும் உள்ளங்கையைக் குழாயின் வாயில் வைத்து அழுத்தினால் 'ஸ்ஸ்' என்று இழுக்கும். கை ஒட்டிக்கொள்ளும். பிய்த்து எடுத்தால் உள்ளங்கையில் வட்டமாகச் சிவந்திருக்கும். யார் கையில் வட்டம் பெரிது என்று சண்டை போடுவோம். வசந்தா அழுது ஜெயிப்பாள்.

அந்த இழுப்பை மறந்துவிடாதீர்கள். நான் மறந்திருந்தேன்.

கரும்புச்சாறுக்காரன்

வசந்தாவைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அவள் தாபோடிக்கு வந்தபோது நல்ல மழை. கை நிறையக் கண்ணாடி வளையலோடு வந்து இறங்கினாள். முதல் தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "அம்மா, சீரகத் தண்ணி இல்லையா?" என்றாள்.

"இப்பம் தண்ணி நல்லா வருதுட்டி" என்றாள் அம்மா. என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

ஒரு மாதம் போயிருக்கும். சந்தில் ஃபேக்டரியில் லேத் ஓட்டும் ஒரு டர்னருக்குக் காமாலை வந்தது. பிறகு பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளுக்கு. நான் விட்டேனா? மதில் ஓரத்தில் நின்ற கரும்புச்சாறு வண்டிக்காரன் மேல் பாய்ந்தேன். அவன் ஐஸ் கட்டியைச் சாக்கடையில் போட்டு உடைத்தேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "பாயி, மேரா பானி ஆப்கே நல் கா ஹி ஹை" என்றான். என் தண்ணீரும் உங்கள் குழாய்த் தண்ணீர்தானே என்று அவன் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அதற்கப்புறம் வசந்தா ரசம் தாளிக்கிற வாசனைக்கே வாந்தி எடுத்தாள். சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்று வேலூர்க்காரம்மா சொன்னாள், நாங்களும் நம்பினோம். நான்காம் நாள் பின்கட்டில் வெளிச்சத்தில் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஏதோ கேட்க என் பக்கம் திரும்பினாள்.

கண் மஞ்சளாக இருந்தது. என் சோதனைக் குழாயில் நான் தினமும் தேடுகிற அதே மஞ்சள்.

டாக்டர் கேட்ட கேள்வி

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு என்னைத் தெரியும். வசந்தாவின் கண்ணை இழுத்துப் பார்த்தார். எத்தனை மாதம் என்று கேட்டார். எட்டரை என்றதும் அவர் முகம் மாறியது. கர்ப்பிணிக்கு இந்தக் காமாலை பொல்லாதது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, சற்று கோபமாகவே கேட்டார்.

"பானி உபால்கே நஹீ பீதே தே க்யா?" தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவில்லையா என்று.

வசந்தா கண் திறந்திருந்தாள். நான் என் போர்டு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே ஓடி வந்திருந்தேன். டாக்டர் அதைப் பார்த்தார். "ஆப் தோ ஹெல்த் மே ஹை. ஆப்கே கர் மே ஐசா?" என்றார். சுகாதாரத்தில் வேலை பார்க்கிறவள் வீட்டிலேயா இப்படி என்று.

நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த இந்தியே கொஞ்சம். "மேரா கல்தி டாக்டர். மை ஆலஸ் கியா" என்றாள். என் தப்பு, நான் சோம்பல் பட்டுவிட்டேன்.

டாக்டர் அம்மாவை வறுத்தெடுத்தார். பெற்றவளுக்கு இந்த அக்கறை கூட இல்லையா, ஒரு தவலைத் தண்ணீர் கொதிக்க வைக்க என்ன கேடு என்றார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையாட்டிக்கொண்டே நின்றாள். நான் அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வசந்தா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பிள்ளை இறந்தே பிறந்தது. ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. வசந்தா பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார். போர்டின் இறப்புப் பதிவில் அதை எழுதப் போன ஆள் நான்தான். என் மேஜைக்குப் பக்கத்து மேஜை அது.

முதல் பாட்டில்

மறுநாள் காலை ஐந்து மணிக்கே குழாயடியில் போய் நின்றேன், பாட்டில் பெட்டியோடு. தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. எதையாவது செய்தாக வேண்டும். யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

வால்வு திறக்கிற சதாசிவ் சைக்கிளில் வந்தார். நீளமான இரும்புச் சாவியைத் தோளில் மாட்டியிருப்பார். என்னைத் 'தாயி' என்பார். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். அவரோ என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"காய் தாயி, ஆஜ் லவ்கர்?" என்ன இன்றைக்கு இவ்வளவு சீக்கிரம் என்றார்.

"முதல் தண்ணீர் பிடிக்க வேண்டும்" என்றேன் மராத்தியில்.

அவர் சைக்கிளை நிறுத்தினார். "பஹிலே பாணி கராப் அஸ்தே, தாயி" என்றார். முதல் தண்ணீர் கெட்டதாகத்தான் இருக்கும் என்றார், பல் தேய்க்காமல் டீ குடிக்கக் கூடாது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாக. தண்ணீர் நின்றதும் பைப் காலியாகி இழுக்கும், பக்கத்தில் என்ன இருந்தாலும் உறிஞ்சும், வால்வுக்காரர்களான நாங்கள் வீட்டில் முதல் இரண்டு குடத்தைக் கீழே விட்டுவிடுவோம் என்றார்.

"இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கத்தினேன்.

"யாரும் கேட்கவில்லையே, தாயி" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். சோதனை எடுக்கிற நான் வால்வு திறக்கிற ஆளோடு ஒரு நாள் கூட நின்று பேசியதில்லை. அவர் தண்ணீர்ப் பிரிவு, நான் சுகாதாரப் பிரிவு.

உள்ளங்கையைப் பார்த்தேன். சின்ன வயதில் அதில் விழுந்த சிவப்பு வட்டம் எனக்கு ஞாபகம் வந்தது. குழாய் உள்ளே இழுக்கும் என்று எனக்கு ஆறு வயதிலேயே தெரியும். அதைப் புத்தகத்தோடு சேர்த்துப் பார்க்க ஒரு பிள்ளை சாக வேண்டியிருந்தது.

சதாசிவ் வால்வைத் திறந்தார். குழாய் இருமியது. காற்று வந்தது. பிறகு தண்ணீர். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. மூக்கருகே கொண்டு போனால் லேசாக, மிக லேசாகச் சாக்கடை நாற்றம். ஒரு பாட்டில் பிடித்தேன். மூன்று நிமிடம் ஓடவிட்டுப் புத்தகப்படி இன்னொரு பாட்டில் பிடித்தேன். குடத்தோடு வந்த பெண்களிடம் முதல் குடத்தைக் கொட்டுங்கள் என்று தொண்டை கட்டும் வரை கத்தினேன். வேலூர்க்காரம்மா குடத்தைக் கவிழ்த்துவிட்டு என் தலையைத் தடவினாள்.

சால்வையும் தேங்காயும்

சீட்டு வந்தது. இரண்டாம் பாட்டில் தகுந்தது. முதல் பாட்டில் தகாதது.

எங்கள் சுகாதார அதிகாரி குல்கர்ணி சாகேப் நல்ல மனிதர். ஆனால் புத்தக மனிதர், என்னைப் போலவே. "முதல் தண்ணீர் எடுக்கச் சொல்லி நியமத்தில் எங்கே இருக்கிறது? இந்தச் சீட்டு செல்லாது" என்றார்.

"குடிக்கிறது முதல் தண்ணீர். சோதிக்கிறது மூன்றாம் குடத்துத் தண்ணீர். அப்படியென்றால் இத்தனை நாள் நாம் குத்தின ஸ்டாம்ப்தான் சார் செல்லாது" என்றேன்.

அவர் என்னை வெளியே போகச் சொன்னார். நான் போகவில்லை. போர்டு கூட்டத்தன்று இரண்டு பாட்டிலையும் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து தலைவர் முன்னால் வைத்தேன். யாரும் என்னை அழைக்கவில்லை. "எந்தப் பாட்டில் உங்கள் வீட்டுக் குடிதண்ணீர் என்று முகர்ந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஒரு உறுப்பினர் முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கை மூடினார்.

தோண்டினார்கள். சந்து முனையில் சாக்கடைப் பாலத்துக்கு அடியில், குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே முங்கிக் கிடந்தது. இணைப்பு உளுத்துப் போயிருந்தது. குழாயை மேலே தூக்கி வேறு வழியாகப் போட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் போர்டில் ஒரு குழாய்க்கு இரண்டு பாட்டில். முதல் தண்ணீர் ஒன்று, ஓடின தண்ணீர் ஒன்று. குல்கர்ணி சாகேபே கையெழுத்துப் போட்டு உத்தரவு அனுப்பினார்.

அடுத்த வருஷம் எனக்குப் பாராட்டு விழா. மகாராஷ்டிர வழக்கப்படி சால்வையும் தேங்காயும். மேடையில் என்னை வானளாவப் புகழ்ந்தார்கள். அம்மா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். எனக்கு மேடையை விட்டுக் குதித்து ஓடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், "நான் வசந்தாகிட்ட சொல்லிருதேன்மா" என்றேன்.

அம்மா அடுப்பில் தவலையை ஏற்றிக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் வேண்டாம். எனக்கப்புறம் அவளுக்கு இருக்கது நீ ஒருத்திதான். ஒன்னையும் வெறுத்தான்னா எங்கன போவா? நான் இன்னைக்கோ நாளைக்கோ. எம்மேல இருந்துட்டுப் போட்டும்" என்றாள். பிறகு தேங்காயைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தாள். "நல்ல முத்தல். சட்னிக்கு ஆகும்."

எனக்கு அது வசதியாக இருந்தது. அம்மாவே வேண்டாம் என்றுவிட்டாள் என்று பிடித்துக்கொண்டேன்.

பாட்டில் தண்ணீர்

வசந்தா இரண்டாம் பிரசவத்துக்கு வரவில்லை. கோயம்புத்தூரிலேயே மாமியார் பார்த்துக்கொண்டார். பெண் குழந்தை. அம்மா பார்க்கப் போனாள், நாலு நாளில் திரும்பினாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மாப்பிள்ளைக்குப் புணேயில் வேலை மாற்றலாகி பாணேரில் ஃபிளாட் வாங்கினார்கள். வசந்தா மாதம் ஒரு தடவை தாபோடிக்கு வருவாள். வரும்போதெல்லாம் பையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கும். மகளுக்குத் தனிப் பாட்டில். அம்மா சீரகத் தண்ணீரைச் சொம்பில் கொண்டு வந்து வைப்பாள். வசந்தா, "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டிலைத் திறந்து குடிப்பாள். சண்டை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

இது எட்டு வருஷம் நடந்தது. எட்டு வருஷமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பகோடா தின்றுகொண்டிருந்தேன்.

அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வசந்தாதான் ஸ்பூனில் தண்ணீர் விட்டாள். தன் பாட்டிலிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை

வசந்தாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் இந்தியும் ஆங்கிலமும். அதனால் இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பாணேருக்குப் போய் நான் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். காப்பி கலந்து வைத்துக்கொண்டு, "வாசிக்கா" என்பாள். எலிக் கதைக்கு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஃபிளாட்காரி எட்டிப் பார்த்தாள்.

இந்த வாரம் ஒரு பக்கத்தை விட்டுவிட்டு வாசித்தால் அவளுக்குத் தெரியாது. பஸ்ஸில் போகும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். எந்தப் பக்கத்தை விடலாம் என்று கூடப் பார்த்து வைத்தேன். வெட்கக்கேடு.

ஆனால் விடாமல் வாசித்தேன். தவலை, அடுப்பு, டாக்டர், எல்லாம். 'எட்டு வருஷமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து' என்ற இடத்தில் தாளைக் கீழே வைத்தேன். நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

வசந்தா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் வருகிற ஃபிளாட், வடிகட்டி மெஷின் வேறு மாட்டியிருக்கிறார்கள். இருந்தும் முதல் குடத்தைக் கீழே விட்டுவிட்டுத்தான் அவள் பிடிப்பாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் ஓடியது. நான் போய் மூடினேன். அவள் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சொம்ப கொண்டு வந்து வப்பாக்கா," என்றாள். "வேண்டாம்னு சொல்றதுக்காகவே நான் பாட்டில் எடுத்துட்டு வருவேன். அவளுக்கு வலிக்கணும்னுதான் எடுத்துட்டு வருவேன். தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் பாத்துட்டு இருந்தியா?"

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

அவள் என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. "நீ இப்ப கிளம்பு. ரெண்டு நாளைக்கு போன் பண்ணாத" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்ட் வரை போய்விட்டேன். கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"இதைப் பத்திரிகைல போடப் போறியா?"

"நீ வேண்டாம்னா போடல."

"போடு. ஆனா பூரா கதையிலயும் அம்மா அம்மானே எழுதியிருக்க. டாக்டர் திட்டுறப்ப கூட அவளுக்குப் பேரு இல்ல. பேரைப் போடு. சந்துல எல்லாரும் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போடுகிறேன்.

எங்கள் அம்மாவின் பெயர் கோமதி. அவள் தினமும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சீரகம் போட்டு, வடிகட்டித்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தது நான்.